கண்ணால பார்த்தா பத்தாது, நோட்ல நம்பர் வேணும்: வட சென்னையில ஃபிசிக்ஸ் கவனிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

நான் இப்போ பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் மூணாவது வருஷம், வீடு புது வண்ணாரப்பேட்டை. பிளஸ் டூல ஃபிசிக்ஸ்ல நல்ல மார்க்தான். காலேஜ்ல முதல் வாரமே லேப்ல ஒரு சார் என்னைப் பார்த்து "நேத்து வீட்டுல என்ன ஃபிசிக்ஸ் பார்த்தே, சொல்லு"ன்னு கேட்டாரு, எனக்கு ஒரு வார்த்தை வரல. அன்னைக்கு ராத்திரியே ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சேன், ஆனா எட்டு மாசம் எழுதினதும் வீண். ஏன்னா நான் எழுதினது எல்லாம் "மழை வந்தது, வானவில் வந்தது, ஒளிவிலகல்", "பஸ் பிரேக் போட்டது, முன்னாடி சாய்ஞ்சேன், நிலைமம்", இப்படித்தான். பார்த்த ஒவ்வொண்ணுக்கும் புத்தகத்துல இருக்குற பேரை எடுத்து ஒட்டிட்டு வந்தேன், அதுல நான் புதுசா தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுகூட இல்ல.

அந்த எட்டு மாசம் உங்களுக்கும் போகக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ, காலேஜ் முதல் வருஷம் படிக்கிற யார் வேணா இதைப் பண்ணலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருக்கீங்கன்னா நான் சொல்ற இடம் எல்லாம் உங்களுக்கு நடந்து போற தூரம், இல்லன்னா அஞ்சு ரூபாய் டிக்கெட் தூரம்.

1. முதல்ல நோட்டும் பேப்பரும்

ஒரு 192 பக்க லாங் சைஸ் நோட்டு வாங்குங்க. ஸ்பைரல் வேணாம், பக்கத்தைக் கிழிக்க மனசு வரும், கிழிச்சா போச்சு. முதல் பக்கத்துல உங்க பேர், கிளாஸ், ஸ்கூல் இல்ல காலேஜ் பேர், "ஃபிசிக்ஸ் அப்சர்வேஷன் நோட்டு"ன்னு எழுதி உங்க ஃபிசிக்ஸ் சார் இல்ல மிஸ்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. இது சும்மா அழகுக்கு இல்ல. ரயில்வே பிளாட்பாரத்துலயோ ஹார்பர்லயோ கையில டேப்பு, போன், நோட்டோட நின்னா யாராவது வந்து "என்னப்பா பண்றே"ன்னு கேப்பாங்க, கேக்கத்தான் செய்வாங்க, அப்போ அந்த முதல் பக்கத்தையும் ஐடி கார்டையும் காட்டினா ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சிடும். ஐடி கார்டு ஒரிஜினல் எப்பவும் பையில இருக்கட்டும், போன்ல போட்டோ மட்டும் வச்சிருந்தா எல்லா இடத்துலயும் ஒத்துக்க மாட்டாங்க. நாலஞ்சு பேரா சேர்ந்து போறீங்கன்னா ஸ்கூல்ல ஒரு போனஃபைட் லெட்டர் வாங்கிக்கிறது நல்லது, கேட்ட அன்னைக்கே கிடைக்காது, ஒரு வாரம் முன்னாடியே கேளுங்க.

நோட்டுல ஒவ்வொரு பதிவுக்கும் அஞ்சு வரி: தேதி-நேரம்-இடம், என்ன கேள்வி, என் கணிப்பு, அளந்தது, எங்க இடிக்குது. இதுல மூணாவது வரிதான் உயிர். அளக்குறதுக்கு முன்னாடி பேனாவால உங்க கணிப்பை ஒரு நம்பரா எழுதணும். பென்சில் வேணாம். "வேகமா போகும்"னு எழுதக்கூடாது, "மணிக்கு 60 கி.மீ. இருக்கும்"னு எழுதணும். கணிப்பு தப்பாப் போனாதான் அந்தப் பக்கத்துக்கு மதிப்பு, ஏன்னா அங்கதான் உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு வெளிய வருது.

2. செலவு

நான் வாங்கினப்ப ஆனது: நோட்டு 65 ரூபாய், மூணு மீட்டர் இன்ச் டேப் 60, கண்ணாடி தெர்மாமீட்டர் 120, ஒரு அடி பிவிசி பைப் துண்டு பிளம்பர் அண்ணன்கிட்ட சும்மா கேட்டு வாங்கினது. மொத்தம் 250 ரூபாய்க்குள்ள. காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் வாங்கிடாதீங்க, அது 35 டிகிரிக்குக் கீழ காட்டாது, லேப் தெர்மாமீட்டர்னு கேட்டு வாங்குங்க. பழைய ஃபிசிக்ஸ் புத்தகம் வேணும்னா மூர் மார்க்கெட் போய் பேரம் பேசி வாங்கலாம், பாடநூல் பிடிஎஃப் சும்மாவே டவுன்லோட் பண்ணிக்கலாம், அதனால புத்தகத்துக்குன்னு காசு ஒதுக்க அவசியம் இல்ல.

போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் போட்டுக்கோங்க. ஜெர்மனியில ஆகென் பல்கலைக்கழகத்துல பண்ணது, இலவசம், விளம்பரம் கிடையாது. உங்க போன்ல இருக்குற மைக், முடுக்கம் அளக்குற சென்சார், சில போன்ல காத்தழுத்த சென்சார், எல்லாத்தையும் அளக்குற கருவியா மாத்திக் குடுக்கும். போன் இல்லாதவங்க வீட்டுல யாராவது போனை ராத்திரி அரை மணி நேரம் கேட்டு வாங்கினாலே போதும், தினமும் வேண்டியதில்ல.

3. வீட்டுல இருந்தே ஆரம்பிங்க, குடத்துல இருந்து

தூரமா எங்கயும் போக வேணாம். நம்ம தெருவுல தண்ணி வரும்போது குடம் பிடிக்கிறோம்ல, அதைக் கேளுங்க. எங்க அம்மா உள்ள அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே "ரொம்பப் போவுது, எடு"ன்னு குரல் குடுப்பாங்க, எட்டிக்கூட பார்க்க மாட்டாங்க. இருபது வருஷமா அவங்க காது அந்தக் குடத்தை அளந்துக்கிட்டு இருக்கு. தண்ணி ஏற ஏற உள்ள காத்துக்கு இடம் குறையுது, சத்தம் மெல்லிசா மேல ஏறுது, கழுத்துகிட்ட வரும்போது சர்ருனு ஏறிடும்.

இங்கதான் நான் மாட்டினேன். புத்தகத்துல ஒரு பக்கம் மூடின குழாய்க்கு ஃபார்முலா இருக்கு, ஒலி வேகத்தை நாலு மடங்கு நீளத்தால வகுக்கணும். எங்க வீட்டுக் குடம் ஆழம் 30 செ.மீ., போட்டுப் பார்த்தா 290 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 290 அதிர்வு வருது. ஆப்ல ஆடியோ ஸ்பெக்ட்ரம் (சத்தத்துல எந்த ஃப்ரீக்வன்ஸி தூக்கலா இருக்குன்னு காட்டுறது) ஆன் பண்ணி காலிக் குடத்து வாயை உள்ளங்கையால தட்டினா 120 பக்கத்துல நிக்குது. பத்து தடவை தட்டினேன், அதே 120. நான் என்ன பண்ணேன்னா ஏதோ நம்ம அளந்தது தப்புன்னு நினைச்சு, ஃபார்முலாவுக்குக் கிட்ட வர்ற மாதிரி நோட்டுல 280ன்னு எழுதிட்டேன். அதை நினைச்சா இன்னைக்கும் வருத்தமா இருக்கு, ஏன்னா அந்த 120 தான் சரி. குடம் குழாய் இல்ல, அது பெரிய வயிறும் சின்ன கழுத்தும் உள்ள பாத்திரம். கழுத்துல இருக்குற காத்து ஒரு கட்டை மாதிரி மேலயும் கீழயும் ஆடுது, வயித்துல இருக்குற காத்து ஸ்பிரிங் மாதிரி அதைத் தள்ளுது. இதுக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்திசைவுன்னு பேரு, கணக்கே வேற.

இதை நீங்களே சோதிக்கலாம். கண்ணாடி ஸ்குவாஷ் பாட்டில் ஒண்ணு எடுத்து, வாய்ல உதட்டை வச்சு ஊதுங்க, ஆப்ல நம்பரைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் முக்கால் பாட்டில் தண்ணி ஊத்திட்டு ஊதுங்க. குழாய்க் கணக்குன்னா காத்து நாலுல ஒரு பங்கு ஆனா ஃப்ரீக்வன்ஸி நாலு மடங்கு ஏறணும். வயிறு-கழுத்து கணக்குன்னா ரெண்டு மடங்குதான் ஏறணும், ஏன்னா அங்க வர்றது கன அளவோட வர்க்கமூலம். எனக்குக் காலியில 110 பக்கம், முக்கால் தண்ணியில 210 பக்கம். ரெண்டு மடங்குக்குக் கிட்ட. பிவிசி பைப்பை ஒரு பக்கம் உள்ளங்கையால மூடி இன்னொரு பக்கம் ஊதினா 280 சொச்சம் வரும், அது குழாய்க் கணக்குக்குக் கச்சிதமா ஒத்துப்போகும். மொத்தம் ஒரு மணி நேர வேலை. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில்ல பண்ணாதீங்க, சுவர் மெல்லிசு, அதுவும் சேர்ந்து ஆடும், நம்பர் நிலையா நிக்காது.

அளந்த நம்பரை ஃபார்முலாவுக்காக மாத்தாதீங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் ரொம்பக் கண்டிப்பா இருங்க.

4. ரயில் ஹாரன்

சத்தம் போடுறது நம்ம பக்கம் வந்தா சுருதி ஏறியும் விலகிப் போனா இறங்கியும் கேக்கும், அந்த டாப்ளர் விளைவு எல்லாருக்கும் பரீட்சைக்குத் தெரியும். ஆனா பத்துல எட்டு பேர் "ரயில் கிட்ட வர வர சுருதி ஏறிக்கிட்டே போகும்"னுதான் சொல்றாங்க, நானும் அப்படித்தான் கணிப்பு எழுதியிருந்தேன். போய்க் கேளுங்க. ரயில் ஒரே வேகத்துல வந்தா சுருதி மேலயே ஒரே இடத்துல நிக்கும், நம்மளைத் தாண்டுற அந்த நேரத்துல சரிஞ்சு கீழ இறங்கி அங்க நிக்கும். ஏறிக்கிட்டே போறது சத்தத்தோட அளவு, சுருதி இல்ல. ரெண்டையும் காது குழப்பிக்குது.

எங்க நிக்கணும்னா, பேசின் பிரிட்ஜ் வேணாம், அங்க எல்லா வண்டியும் மெதுவாத்தான் போகும். கும்மிடிப்பூண்டி லைன்ல திருவொற்றியூர் மாதிரி எக்ஸ்பிரஸ் நிக்காம போற ஸ்டேஷனாப் பார்த்துப் போங்க. லோக்கல் டிக்கெட் அஞ்சு ரூபாய்ல இருந்து இருக்கு, ஆனா இதுல ஒரு சிக்கல் கவனிங்க: லோக்கல் டிக்கெட் பயணத்துக்கு மட்டும்தான். நான் ஒரு ஸ்டேஷன்ல இறங்கி, கையில டிக்கெட் இருக்கேன்னு முக்கால் மணி நேரம் பெஞ்சுல உக்காந்து ஹாரன் ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தேன், செக்கிங் வந்தவர் கேட்டாரு, நோட்டையும் ஐடியையும் காட்டினதால எச்சரிக்கையோட விட்டுட்டாரு. பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுங்க, ரெண்டு மணி நேரம் செல்லும், அது தாராளம். மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி, முடிஞ்சா சுவர் ஓரமா நில்லுங்க. லைன் கிராஸ் பண்றது, கிட்டப் போய் ரெக்கார்ட் பண்றது எதுவும் வேணாம், சத்தம் பிளாட்பாரத்து அந்தக் கடைசிலயும் நல்லாவே கேக்கும்.

கணக்கு சுலபம். வரும்போது ஃப்ரீக்வன்ஸி ஒண்ணு, போகும்போது ஒண்ணு குறிச்சுக்கோங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து ஒலி வேகத்தால பெருக்கினா ரயிலோட வேகம். ஒலி வேகம் நம்ம ஊரு வெயில்ல வினாடிக்கு 345ல இருந்து 350 மீட்டர்னு வச்சுக்கலாம், புத்தகத்துல இருக்குற 330 ஜீரோ டிகிரிக்கு. எனக்கு ஒரு நாள் 396ம் 352ம் கிடைச்சுது, வகுத்துப் பெருக்கினா வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 73 கி.மீ. நான் பேனாவால எழுதி வச்சிருந்த கணிப்பு 100. ரயில் கிட்டத்துல போகும்போது நம்ம கண்ணுக்கு எவ்வளவு பெரிய வேகமாத் தெரியுதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

இன்னொரு விஷயம் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது. 396க்கும் 352க்கும் விகிதம் 9க்கு 8. பாட்டு கத்துக்கிறவங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க, சட்ஜமத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவுல இருக்குற விகிதமும் அதேதான். அந்த ரயில் நம்மளைத் தாண்டும்போது ரி-ல இருந்து ச-வுக்கு இறங்கிட்டுப் போகுது. இப்போ எங்க வீட்டுல ராத்திரி ஹாரன் கேட்டா படுத்துக்கிட்டே "இது ரி-ச-வைவிடக் கம்மி, வண்டி மெதுவாப் போகுது"ன்னு சொல்லிட முடியுது.

மாட்டிக்கிற இடம்: இஞ்சின் ஹாரன்ல ரெண்டு சுரம் உண்டு, ஒண்ணு தடிமன், ஒண்ணு கீச்சு. வரும்போது கீச்சையும் போகும்போது தடிமனையும் எடுத்துட்டா மணிக்கு முன்னூறு கி.மீ.ன்னு விடை வந்து நிக்கும். ஸ்பெக்ட்ரத்துல ரெண்டு முனையையும் தனித்தனியா குறிச்சுக்கோங்க. நிறைய டிரைவர்ங்க ஸ்டேஷனுக்கு முன்னாடியே ஹாரனை நிறுத்திடுவாங்க, நாலு வண்டிக்கு ஒரு வண்டிதான் தேறும், பொறுமை வேணும். காலையில ஆறு மணிக்கு முன்னாடி போனா கூட்டமும் சத்தமும் கம்மி.

5. கேரம்

நம்ம ஏரியாவுல கேரம் கிளப் இல்லாத தெரு கம்மி. 2024ல அமெரிக்காவுல நடந்த உலகப் போட்டியில மூணு தங்கம் வாங்கிட்டு வந்த காசிமா நம்ம வட சென்னைப் பொண்ணு. அதனால இதை அளக்க எங்கயும் போக வேணாம், அண்ணனுங்ககிட்ட கேட்டா போர்டு குடுப்பாங்க.

விதிப்படி ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், காயின் 5ல இருந்து 5.5 கிராம். மூணு மடங்கு எடை உள்ளது நேரா மோதினா, ஆற்றல் கொஞ்சம்கூட வீணாகலன்னு வச்சுக்கிட்டா, காயின் ஸ்ட்ரைக்கரைவிட ஒண்ணரை மடங்கு வேகத்துல போகணும், ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்துல பின்னாடியே போகணும். அடிச்ச காய் முன்னாடி ஓட, ஸ்ட்ரைக்கரும் அதைத் துரத்திக்கிட்டு போய் பாக்கெட்ல விழுந்து ஃபவுல் ஆகுதுல்ல, அதுக்குக் காரணம் இதுதான்.

போனை போர்டுக்கு நேர் மேல பிடிச்சு ஸ்லோ மோஷன்ல எடுங்க, ஓரத்துல இன்ச் டேப் வச்சிடுங்க, ஒரு ஃபிரேம்ல எத்தனை செ.மீ. நகருதுன்னு எண்ணுங்க. நடு மண்டையில நேரா அடிக்கணும், ஓரமாப் பட்டா கணக்கு வேற. எனக்கு ஒண்ணரை மடங்கு வரல, 1.35 வந்துது. அதை வச்சு மோதல்ல மீள்திறன் எண் (மோதின அப்புறம் விலகுற வேகம், முன்னாடி நெருங்கின வேகத்துல எத்தனை பங்குங்கறது) 0.8ன்னு கண்டுபிடிக்கலாம், இது எந்தப் புத்தகத்துலயும் உங்க கிளப் போர்டுக்குன்னு எழுதி வச்சிருக்க மாட்டாங்க, உங்க நம்பர் உங்களோடது.

ரெண்டு எச்சரிக்கை. கிளப்ல இருக்குற ஸ்ட்ரைக்கர் விதிக்கு மேல கனமா இருக்கலாம், தெரிஞ்ச நகைக்கடை தராசுல போட்டு எடை பார்த்துடுங்க. ராத்திரி எல்இடி லைட்டுக்குக் கீழ எடுக்காதீங்க, நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், வீடியோ கருப்பும் வெள்ளையுமா அடிச்சுக்கும். பகல் வெளிச்சத்துல எடுங்க. (தெரு டிரான்ஸ்ஃபார்மர் "உம்"முனு பாடுறதும் இதே 100 ஹெர்ட்ஸ்தான், எதிர்ப் பக்கத்துல நின்னே ஆப்ல பார்க்கலாம், வேலிகிட்ட போகாதீங்க.)

6. மெட்ரோ

இது சின்ன வேலை. முதல்ல ஆப்ல உங்க போன்ல காத்தழுத்த சென்சார் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இதை விட்டுடுங்க. இருந்தா தண்டையார்பேட்டையில ஏறி புது வண்ணாரப்பேட்டையில இறங்குங்க, ஒரே ஸ்டேஷன், குறைஞ்சபட்ச டிக்கெட். வண்டி சுரங்கத்துல இருந்து மேல ஏறி பாலத்துக்கு வர்ற இடம் அது. பத்து மீட்டர் ஏறினா அழுத்தம் 1.2 ஹெக்டோபாஸ்கல் குறையும், அதை வச்சு எத்தனை மாடி உயரம் ஏறினோம்னு சொல்லிடலாம். கிளம்பும்போது ஒரு நூல்ல சாவியைக் கட்டித் தொங்க விட்டா பின்னாடி சாயும், ஆறு டிகிரி சாய்ஞ்சா முடுக்கம் வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர்.

7. காசிமேடு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியக்காலை அஞ்சு, அஞ்சரைக்குப் போயிடணும். ஞாயித்துக்கிழமை வேணவே வேணாம், நிக்க இடம் இருக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போ போனா பாதி வேலை நடக்காது. செருப்பு பிடிமானமா இருக்கணும், தரை வழுக்கும். வியாபாரம் நடக்குற இடத்துல குறுக்க நிக்காதீங்க, ஏலம் முடிஞ்சு ஓய்வா இருக்கும்போது கேளுங்க, எல்லாரும் நல்லாவே சொல்லுவாங்க.

நான் போனது ஐஸ் பாக்கத்தான். ஒரு அக்கா பெட்டியில மீன் அடுக்கிக்கிட்டு இருந்தாங்க, நோட்டைப் பார்த்துட்டு "இன்னா கண்ணு எழுதுற"ன்னாங்க. ஐஸை ஏன்க்கா இவ்ளோ பொடியா உடைக்கிறீங்கன்னு கேட்டேன். "கட்டியா போட்டா அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும், பொடிச்சுப் போட்டாதான் மீனைப் புடிச்சுக்கும்"னு சொல்லிட்டு ஒரு கை ஐஸை எடுத்து மீன் வயித்துல வச்சுக் காட்டினாங்க. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 30 செ.மீ. கட்டி ஒண்ணை 3 செ.மீ. துண்டாக்கினா பரப்பு பத்து மடங்கு. அவங்க சொன்ன "புடிச்சுக்கும்" அந்தப் பத்து மடங்குதான்.

இன்னொரு கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேணும். ஒரு கிலோ மீனை 30 டிகிரியில இருந்து ஜீரோவுக்குக் கொண்டு வர 110 கிலோஜூல் பக்கம் எடுத்தா போதும். அப்போ ஒரு கிலோ ஐஸுக்கு மூணு கிலோ மீன் தாங்கணும். ஆனா அந்த அக்கா போட்டது கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு. மீதி ஐஸ் எங்க போகுது? பெட்டி சுவர் வழியா உள்ள வர்ற வெயிலுக்கு. தெர்மாகோல் பெட்டியிலயும் பிளாஸ்டிக் கூடையிலயும் அரை கிலோ ஐஸ் வச்சு எவ்ளோ நேரத்துல உருகுதுன்னு வீட்டு மொட்டை மாடியிலயே பார்த்துடலாம், நான் இன்னும் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

8. எப்போ எதைப் பார்க்கணும்

சிலது வருஷத்துல ரெண்டு நாள்தான் கிடைக்கும், தவற விட்டா நாலு மாசமோ எட்டு மாசமோ காத்திருக்கணும். ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் சென்னையில சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேல வரும், நட்டு வச்ச குச்சிக்கு நிழல் இருக்காது. இதுக்குப் பகல் பன்னெண்டு மணிக்கு வந்து பார்த்துட்டு "இன்னும் நிழல் இருக்கே"ன்னு போயிடாதீங்க. நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது, சென்னை அதுக்கு மேற்கால 80.3ல இருக்கு, அதனால ஏப்ரல்ல 12:07க்கும் ஆகஸ்ட்ல 12:13க்கும்தான் உச்சி. பத்து நிமிஷம் முன்னாடியே மாடிக்குப் போய் தூக்குக் குண்டு மாதிரி ஒரு நூல்ல கல்லைக் கட்டி, குச்சி நேரா இருக்கான்னு சரி பண்ணிக்கோங்க.

மே மாசம் கடல்காத்து. தெர்மாமீட்டரை நிழல்ல தொங்க விட்டு காலை பத்துல இருந்து அரை மணிக்கு ஒரு தடவை எழுதுங்க. சில நாள் பதினொன்னுக்கே காத்து உள்ள வரும், சில நாள் ரெண்டு மணி தாண்டும். வந்ததும் ஏறிக்கிட்டு இருந்த வெப்பம் நின்னு இறங்குறது நோட்டுல பளிச்சுனு தெரியும். பெரம்பூர்ல ஒரு ஃபிரண்டு, ராயபுரத்துல ஒரு ஃபிரண்டு ஒரே நாள்ல எழுதினா, காத்து கடற்கரையில இருந்து உள்ள வர எவ்ளோ நேரம் எடுக்குதுன்னே அளந்துடலாம்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு வினாடின்னா ஒரு கி.மீ. வீட்டுக்குள்ள ஜன்னல்ல இருந்து எண்ணுங்க, மாடிக்குப் போகாதீங்க.

9. முதல் வாரத்துக்கு

எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுத்துக்காதீங்க, நான் அப்படித்தான் பதினாலு தலைப்பு எழுதி ஒண்ணும் முடிக்கல. திங்கட்கிழமை நோட்டு வாங்கி சார்கிட்ட கையெழுத்து, செவ்வாய் ஆப், புதன்ல இருந்து சனி வரைக்கும் குடமும் பாட்டிலும் மட்டும். ஒரே அளவை குறைஞ்சது அஞ்சு தடவை எடுங்க, அஞ்சும் எவ்ளோ விலகுதுன்னு பக்கத்துலயே எழுதுங்க. ஞாயித்துக்கிழமை அந்த ஒரு வாரப் பக்கத்தை ஃபிசிக்ஸ் தெரியாத ஒருத்தர்கிட்ட, அம்மாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ, படிச்சுக் காட்டுங்க. அவங்க "அது ஏன் அப்படி?"ன்னு எங்க நிறுத்திக் கேக்குறாங்களோ அதைக் கேள்வியா அடுத்த பக்கத்துல எழுதிடுங்க. எங்க அம்மா கேட்டது, "பித்தளைக் குடமும் பிளாஸ்டிக் குடமும் ஒரே அளவுதான், ரொம்புற சத்தம் ஏன் வேறயா கேக்குது?" ரெண்டு குடத்தையும் குழாய்க்குக் கீழ வச்சு ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், தண்ணி வர்றது ஒரு நாள் விட்டு ஒரு நாள்ங்கறதால இன்னும் ரெண்டு அளவு பாக்கி.